நான்காம் வரிசைத் தெருக்கள்

ஜனவரி 6

அன்புள்ள சித்திக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன், முழுசாக, பெட்டியோடு. நீங்கள், சித்தப்பா, உங்கள் முழங்கால் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

அறை மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். பல் செட் செய்யும் கூடம் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறது. காலையிலிருந்து யார் யாருடைய ஈறுக்கோ பிளாஸ்டரில் அச்சு எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுகிறேன். எங்கள் மேற்பார்வை அம்மா, "கடிக்கிற வாயை நெனச்சு செய்யாத, சிரிக்கிற வாயை நெனச்சு செய்" என்கிறார். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது சித்தி. இதை விட்டுவிட்டு வர மனசு வராது.

அதனால்தான் பயமாக இருக்கிறது. அப்பா ரயிலடியில் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "ஆறு மாசம். ஜூன்ல வந்து என் கண்ணால பார்ப்பேன். தனியா நிக்கத் தெரிஞ்சா இரு. இல்லன்னா பெட்டியைக் கட்டு." பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவர் அல்லவா, யார் வாய்ச்சொல்லையும் நம்பமாட்டார், "காட்டு" என்பார். அவர் இவ்வளவு இறங்கி வந்ததே, "அந்த ஊர் எனக்கு உள்ளங்கை மாதிரி அத்தான், வழியெல்லாம் நான் சொல்றேன்" என்று நீங்கள் அடித்துப் பேசியதால்தான்.

ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமை தெருமுனை வரை போய்விட்டு, வந்த வழியே திரும்பிவிட்டேன். அருங்காட்சியகமும் பெரிய சதுக்கமும் எல்லோரும் பார்ப்பது. தலைமைத் தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஆறு வருடமும் மாலைக்கு ஒரு தெரு என்று நீங்கள் சுற்றினீர்களே, அந்த இடங்களை எழுதுங்கள். உள்ளூர்க்காரி மாதிரி நடக்க வேண்டும் எனக்கு.

முழங்காலுக்கு என் அன்பைச் சொல்லவும்.
உங்கள் வாலு


ஜனவரி 14

அடி வாலு,

இங்கே எல்லோரும் நலம். உன் சித்தப்பாவுக்கு ஜலதோஷம். அவர் ஒரு தும்மல் போட்டால் நாலு வீட்டில் விளக்கு எரிகிறது. உன் அம்மா நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

தெருமுனையிலிருந்து திரும்பி வந்தாளாம், வெட்கக்கேடு! முதலில் பறவைக்கடைத் தெருவுக்குப் போ. இருபத்திரண்டாம் எண்ணில் இருப்பவருக்கு உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் விதைப் பொட்டலம் வரும். கதவைத் தட்டு. என் பேரைச் சொல்லாதே, செடி பார்க்க வந்தேன் என்று சொல், போதும். பறவைக்கடைத் தெருவை முடித்ததும் அடுத்து படிக்கட்டுச் சந்து. அதை முடித்ததும் பழைய தொட்டித் தெரு. மூன்றும் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

வழி தெரியாமல் நின்றாலும் தெரிந்தவள் மாதிரி நில். கழுத்து நிமிர்ந்திருந்தால் ஊர் மரியாதை கொடுக்கும்.

வேளைக்குத் தூங்கு.
சித்தி


பிப்ரவரி 3

அன்புள்ள சித்திக்கு,

கால் வலிக்கிறது, மற்றபடி சுகம். சித்தப்பாவின் தும்மல் அடங்கியதா?

இருபத்திரண்டாம் எண்ணைத் தட்டினேன்! விதைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள் திறந்தார். செடி என்றதும் ஒரு வார்த்தை கேட்காமல் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். சித்தி, அந்த மாடி முழுக்கக் காடு! தகர டின்னில், உடைந்த குளியல் தொட்டியில், பழைய பூட்ஸில்கூடச் செடி. ஒன்றின் இலை வெல்வெட் மாதிரி. தடவினால் எலுமிச்சை வாசம். கீழே அந்தத் தெருவில் தினமும் நடப்பவர்களுக்கே தலைக்கு மேல் ஒரு காடு இருப்பது தெரியாதாம். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஒன்றே ஒன்று. பறவைக்கடைத் தெருவின் முடிவில் படிக்கட்டுச் சந்து இல்லை. பெரிய ரயில்வே சுவர்தான் இருக்கிறது. ஏழு பேரிடம் கேட்டு, மேம்பாலம் ஏறி இறங்கி, முக்கால் மணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்தேன். நடுவில் அழுகை வந்தது உண்மை. ஆனால் அலைந்ததிலும் லாபம்: நாற்பதாவது படியில் குடை ரிப்பேர் செய்யும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஏன் இங்கே என்றேன். "மழை வந்தா ஓடி ஏறுறவங்க இந்தப் படியிலதான் மூச்சு வாங்குவாங்க. அப்பதான் குடை கிழிஞ்சது தெரியும்" என்றார்.

தொட்டித் தெருவுக்குப் போகத் தெம்பில்லை. அம்மாவிடம் சாப்பிடுகிறேன் என்று சொல்லவும்.
வாலு


பிப்ரவரி 12

அன்பு வாலுக்கு,

தும்மல் போய் இப்போது இருமல். உன் காலுக்கு வெந்நீர் ஊற்று.

சுவரா? நான் அந்த ஊரை விட்டு வந்த பிறகு கட்டியிருப்பார்கள். ஊர் என்றால் மாறத்தான் செய்யும், அதற்கு நான் என்ன செய்ய?

அடுத்தது, சாயக்காரர் தெரு ஒன்பதாம் எண். வாரா வாரம் சின்ன மரப்பெட்டி ஒன்று அங்கிருந்து கிளம்பும். நாலு பக்கமும் "உடையும் பொருள்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும், கையெழுத்து முத்து முத்தாக. உள்ளே என்ன என்று எனக்கு இன்று வரை தெரியாது. தெரியாமலேயே செத்துப்போவேனோ என்று இருக்கிறது. கண்டுபிடித்து எழுது.

உன் அப்பா தினமும் கேட்கிறார். "சித்தி சொன்ன வழியில மகாராணி மாதிரி நடக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ அழுததை நான் படிக்கவே இல்லை.

சித்தி


மார்ச் 10

அன்புள்ள சித்திக்கு,

வெந்நீருக்குக் கால் வலி கேட்டது. இருமலுக்கு மருந்து வாங்கினாரா சித்தப்பா?

கண்! அந்தப் பெட்டிக்குள் இருந்தது கண்ணாடிக் கண்கள்! ஒன்பதாம் எண்ணில் ஒரு தாத்தாவும் அவர் மருமகளும் விபத்தில் கண் போனவர்களுக்குக் கண் செய்கிறார்கள். மேசை இழுப்பறையைத் திறந்தால் நூறு கண்கள் நம்மையே பார்க்கின்றன. நான் பல் செய்கிறவள் என்றதும் தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். "பல்லுக்கு ஒரு வெள்ளை போதும்னு நினைக்கிறாங்க, கண்ணுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு வெள்ளையும் வேற" என்றார். இரண்டு மணி நேரம் வெள்ளையைப் பற்றியே பேசினோம். மறுநாள் கூடத்தில் நான் நட்ட பற்களைப் பார்த்து மேற்பார்வை அம்மா, "என்ன, திடீர்னு கை வந்துடுச்சு?" என்றார்.

பிறகு பழைய தொட்டித் தெருவைத் தேடினேன். படிக்கட்டுச் சந்தில் உங்கள் ஜனவரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு நின்றபோது ஒரு தபால்காரர் வந்தார். காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"யாரும்மா எழுதிக் கொடுத்தது? இது நடக்கிற வழி இல்ல, அலமாரி வழி."

"அப்படின்னா?"

"கடிதம் பிரிக்கிற கூடத்துல பெரிய மர அலமாரி இருக்கும். தெருவுக்கு ஒரு கட்டம். நாலாவது வரிசையில பறவைக்கடை, படிக்கட்டு, பழைய தொட்டி மூணும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம். ஊருக்குள்ள மூணும் மூணு திசை. அந்தக் கூடத்துலயே உக்காந்து வேலை பார்த்தவங்களுக்குத்தான் இப்படி ஞாபகம் இருக்கும்."

அவருக்குப் பை கனத்தது, போய்விட்டார். நல்ல மனிதர்.

தொட்டித் தெருவுக்குப் போய்விட்டேன். அங்கே இருக்கும் உயரமான பழைய தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏற விடுகிறார்கள். காவல்காரரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கூடத்தின் ஜன்னல்கூடத் தெரிகிறது.

இன்னும் என்னென்ன எண்கள் நினைவிருக்கின்றன, எழுதுங்கள். காத்திருக்கிறேன்.
வாலு


ஏப்ரல் 19

வாலுக்கு,

பதில் தாமதம். முழங்கால் வலி என்று எழுதலாமென்று பார்த்தேன். கடிதம் எழுத முழங்கால் எதற்கு என்று கேட்பாய். எல்லோரும் சுகம்தான்.

கண்களைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறு வருடம் கையில் வாங்கி வைத்த பெட்டி.

இங்கே ஒரு செய்தி. உன் அப்பா ஜூன் மாதம் வருவது உறுதி. என்னையும் கூட வரச் சொல்கிறார். "உனக்குத்தான் உள்ளங்கை மாதிரியாச்சே, மூணு நாள் நீயே சுத்திக் காட்டு" என்கிறார். மூன்று சாக்கு சொன்னேன். மூன்றையும் "காட்டு" என்றார். டாக்டர் சீட்டு வரை கேட்டால் நான் எங்கே போவேன்? டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

ரயில் நிலையம் பழைய மாதிரிதானே இருக்கிறது? வாசல் எத்தனை? சும்மாதான் கேட்கிறேன்.

சித்தி


ஏப்ரல் 25

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். நீங்கள் வருவது தெரிந்து இன்னும் நலம்.

உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் எனக்கு மறந்துவிடாமல் இருக்க மூன்று நாள் வழியையும் எழுதிப் பார்த்தேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

ரயில் நிலையத்துக்கு நாலு வாசல். எல்லோரும் பெரிய வாசலில் வெளியே வந்து கூட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். நீங்கள் பார்சல் கூடத்தை ஒட்டிய சின்ன வாசலில் வாருங்கள். எதிரே சாவி போடும் கடை. அதற்கு இடது பக்கம் திரும்பினால் மூடிய வாய்க்கால். மேலே பலகை போட்டிருக்கிறது, நடக்கலாம். வண்டிகள் வராது, பத்தே நிமிடத்தில் என் தெரு. மத்தியானம் கோர்ட்டுக் கட்டடத்தின் நிலவறைச் சாப்பாட்டுக்கடை. வக்கீல்களுக்கு மட்டும் என்று பலகை இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள், யாரும் கேட்பதில்லை. இரண்டாம் நாள் பறவைக்கடைத் தெரு. அங்கிருந்து படிக்கட்டுச் சந்துக்கு மேம்பாலம் வழியாக வேண்டாம். ரயில்வே சுவரில் பச்சைக் கதவு ஒன்று இருக்கிறது, பகலில் திறந்திருக்கும், குனிந்து போனால் ஏழு நிமிடம். மூன்றாம் நாள் கண் செய்யும் வீடு, பிறகு தொட்டி. தொட்டியின் காவல்காரரிடம் முதலில் அவர் பூனையை விசாரிக்க வேண்டும்.

அப்பா வேகமாக நடப்பார். எங்கே திரும்ப வேண்டுமோ அதற்குப் பத்தடி முன்பே பேச்சை ஆரம்பித்துவிடுங்கள், மெதுவாவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
வாலு


மே 8

வாலுக்கு,

உன் கடிதத்தில் தப்பு எதுவும் இல்லை. இரண்டு இடத்தில் காற்புள்ளி வைத்திருக்கலாம்.

சமையலறை அலமாரியில் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தேன். சர்க்கரை ரயில் நிலையம், உப்பு பச்சைக் கதவு. உன் சித்தப்பா காப்பியில் பச்சைக் கதவைப் போட்டுக் குடித்துவிட்டார். வேறு விசேஷம் இல்லை. எல்லோரும் நலம், அவரைத் தவிர.

அந்தக் காவல்காரரின் பூனைக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

சித்தி


ஜூன் 21

அன்புள்ள சித்திக்கு,

பயணம் சௌகரியமாக இருந்ததா? முழங்கால் கோபித்துக்கொள்ளவில்லையே?

மூன்று நாளும் எனக்குக் கனவு மாதிரி போயிற்று. சின்ன வாசலில் நீங்கள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தீர்களே, கைதட்டத் தோன்றியது. பச்சைக் கதவில் குனிந்தபோது அப்பாவே, "அடேங்கப்பா, இது யாருக்குத் தெரியும்!" என்றார். இருபத்திரண்டாம் எண் வீட்டில் மட்டும் நீங்கள் மாடிக்கு வரவில்லை. வாசலிலேயே நின்று அந்த எண் பலகையை விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள். நான் மேலிருந்து பார்த்தேன்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. கிளம்பும்போது நீங்கள் தண்ணீர் பிடிக்கப் போனீர்களே, அப்போது அப்பா சொன்னார்: "ஊர் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு நாளும் நீ வாயைத் திறக்கலை. எங்க திரும்பணும்னாலும் சித்தி முகத்தைப் பார்க்கிற. அவ சொன்ன வழியிலதான் இன்னும் நடக்கிற. நாளைக்கு ஏதாவதுன்னா அவ அங்க, நீ இங்க. தனியா நிக்கத் தெரியலைம்மா உனக்கு. மாசக் கடைசியோட வேலையை விட்டுட்டு வந்துடு."

நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் என்னென்னவோ பேச வேண்டிவரும். முப்பதாம் தேதி காலை மேற்பார்வை அம்மாவிடம் கடிதம் கொடுக்கிறேன். எழுதி வைத்துவிட்டேன்.

நீங்கள் வருத்தப்படக் கூடாது. நீங்கள் கதவைத் தட்டச் சொல்லாவிட்டால் நான் தெருமுனையைத் தாண்டியிருக்கவே மாட்டேன். அது மட்டும் உண்மை.

அம்மாவிடம் நான் வருவதைச் சொல்லவும்.
வாலு


ஜூன் 26

என் கண்ணே,

நலம் விசாரிக்க நேரமில்லை. பன்னிரண்டரை மணித் தபால் பையில் இந்தக் கடிதம் ஏறினால் இருபத்தெட்டாம் தேதி காலை உன் கைக்கு வரும். தபாலைப் பற்றி நான் சொன்னால் அதை மட்டும் நம்பலாம். அந்த ராஜினாமாவைக் கொடுக்காதே.

இன்று காலை உன் அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நேரே போய் நின்றேன்.

"அத்தான், எனக்கு அந்த ஊர் தெரியாது."

"என்ன உளர்ற? மூணு நாள் கூட்டிட்டுச் சுத்தினியே."

"அவ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சேன். அந்த ஊர்ல நான் நடந்ததே அந்த மூணு நாள்தான்."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "காட்டு."

உன் ஏப்ரல் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். பத்தடி முன்பே பேச்சை ஆரம்பிக்கச் சொன்ன இடத்தில் அவர் காது சிவந்தது. பிறகு சொன்னார்: "ஆயிரம் பேரை டிக்கெட் இல்லாம பிடிச்சிருக்கேன். நீ இருபது வருஷமா என் வீட்டுலயே டிக்கெட் இல்லாம வந்துட்டிருந்திருக்க." எனக்குச் சிரிப்பு வந்தது, அது முடிவதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். உனக்கு மார்ச் மாதமே தெரியும், இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். கடிதம் பிரிக்கும் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. பெண்கள் விடுதி அதே வளாகத்தில். வளாகத்து கேட்டைத் தாண்ட மாட்டேன் என்று உன் தாத்தாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கேட் என்னவோ திறந்துதான் கிடந்தது. கூட இருந்தவர்கள் ஞாயிறு தவறாமல் போனார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். வாக்கு, வாக்கு என்றேன். உண்மையில் பயம். ஒரே ஒரு முறை கேட்டுக்கு வெளியே கால் வைத்தேன், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை, உள்ளே வந்துவிட்டேன். தெருமுனையில் திரும்பியதற்கு உன்னைத் திட்டினேனே, என்னைத்தான் திட்டினேன்.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் "அந்தத் தெரு தெரியுமா, இந்தத் தெரு தெரியுமா" என்று கேட்டார்கள். தெரிந்திருந்தது. எந்த வீட்டுக்கு விதை வரும், எந்த வீட்டிலிருந்து பெட்டி கிளம்பும், யாருக்கு யாருமே எழுதுவதில்லை, எல்லாம் தெரியும். நடந்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. தைரியசாலி என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரை விட மனசு வரவில்லை. அதற்கு விலையாக உன் வேலை போகப் பார்த்தது. என்னை மன்னித்துவிடு.

ஆகஸ்டில் தனியாக வருகிறேன். வழி எதுவும் எழுதாதே. கொஞ்சம் தொலைந்து பார்க்க வேண்டும் எனக்கு.

உன் அப்பா என்ன முடிவு செய்தார் என்று கேட்டால், "நான் எழுதிக்கிறேன்" என்கிறார். பேனா தேடிக்கொண்டிருக்கிறார். இதே உறையில் வைக்கிறேன்.

சித்தி


ஜூன் 26

மகளுக்கு,

நலம்.

உன் சித்தி சொன்னாள். கடிதமும் பார்த்தேன். அவள் முன்னால் போனாள், நான் அவள் பின்னால் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளும் நீ போட்ட வழியில்தான் நடந்திருக்கிறேன்.

பெரியவளைக் காட்டிக்கொடுக்காமல், வேலை போனாலும் பரவாயில்லை என்று நின்றிருக்கிறாய். தனியாக நிற்பது என்று நான் சொன்னது இதைக் காட்டிலும் சின்ன விஷயம்.

வேலையை விடாதே. அம்மா நலம். அவளுக்கும் ஊர் பார்க்க வேண்டுமாம். நான் கூட்டி வருகிறேன். வழி எழுது.

இந்த முறை எனக்கு எழுது.

அப்பா